நீல இன்ஹேலர் உடனே கேட்கிறது, மற்றது எதற்கு?

2025 ஜூன் 3, மாலை. வந்த கேள்வி

பையனுக்கு 9 வயது. ரொம்ப நாளாக வீசிங். டாக்டர் இரண்டு இன்ஹேலர் எழுதியிருக்கிறார். நீல நிறத்தை அடித்தால் ஐந்து நிமிடத்தில் மூச்சு சீராகிவிடுகிறது. இன்னொன்றை அடித்தால் ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் ஸ்டீராய்டாம். கேட்கிற மருந்து ஒன்று கையில் இருக்கும்போது, கேட்காத மருந்தைக் குழந்தைக்கு எதற்குத் தினமும் கொடுக்க வேண்டும்? மாமியார் நிறுத்தச் சொல்கிறார்.

ஜூன் 3, இரவு

நிறுத்தாதீர்கள். காரணம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீலத்தில் இருப்பது பெரும்பாலும் சால்பியூட்டமால். (நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டப்பாவில் உள்ள பெயரைப் படியுங்கள்.) மூச்சுக்குழாயைச் சுற்றி மெல்லிய தசை ஓடுகிறது. அது இறுகினால் குழாய் சுருங்கி மூச்சு இழுக்கும். அந்தத் தசைச் செல்லின் மேற்பரப்பில் பீட்டா-2 என்ற ஏற்பி இருக்கிறது. அதில் சால்பியூட்டமால் போய் ஒட்டியதும் உட்பக்கம் இருக்கும் ஜி-புரதம் செயல்படத் தொடங்குகிறது. அது அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்ட, அந்த நொதி சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறிய மூலக்கூறைக் குவிக்கிறது. சைக்ளிக் ஏஎம்பி ஏறினால் புரோட்டீன் கைனேஸ் ஏ வேலை செய்யும், தசைக்குள் கால்சியம் இறங்கும், தசை தளரும். புதிதாக எந்தப் புரதமும் உருவாக வேண்டியதில்லை. இருப்பவை ஒன்றை ஒன்று தட்டிவிடுகின்றன, அவ்வளவுதான். அதனால்தான் ஐந்து நிமிடத்தில் பையன் முகம் தெளிகிறது.

ஸ்டீராய்டு போகிற வழி வேறு. அது மேற்பரப்பில் நிற்காமல் செல்லுக்குள் நுழைகிறது. அங்கே குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து உட்கருவுக்குள் போய், அழற்சியைக் கிளப்பும் மரபணுக்களின் வாயை அடைக்கின்றன, அழற்சியைத் தணிக்கும் சில மரபணுக்களைத் திறந்துவிடுகின்றன. மரபணு அடங்கி, ஏற்கெனவே உருவான புரதம் தீர்ந்து, வந்து குவிந்த செல்கள் கலைந்து, வீக்கம் வடிய வேண்டும். மணிக்கணக்கில் தொடங்கி வாரக்கணக்கில் நடக்கிற வேலை. அடித்த அந்த நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. தெரியவும் கூடாது.

உங்கள் பையனின் நோய் இருப்பது அந்த வீக்கத்தில். தசை இறுகுவது அதன் விளைவு. நீலம் விளைவைத்தான் தொடுகிறது.

இன்னொன்று. ஸ்டீராய்டு திறந்துவிடும் மரபணுக்களில் பீட்டா-2 ஏற்பியின் மரபணுவும் உண்டு. அதாவது கேட்காத மருந்துதான் கேட்கிற மருந்துக்கு ஏற்பியைத் தயார் செய்து கொடுக்கிறது. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஜூன் 4, காலை

ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்களுக்கு: உள்ளிழுக்கும் மருந்தில் அளவு மைக்ரோகிராமில். மாத்திரையில் மில்லிகிராமில். அதிலும் ஒரு பகுதிதான் நுரையீரலை எட்டும், மீதி வாயிலும் தொண்டையிலும் படியும். ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) வைத்து அடித்துவிட்டு வாய் கொப்பளித்துத் துப்பினால் தொண்டையில் தங்குவதும் குறையும். உயரம் கொஞ்சம் பாதிக்கப்படுவது உண்மை. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவில், பெரும்பாலும் முதல் ஓரிரு வருடங்களில். இதை மறைக்கக் கூடாது. ஆனால் கட்டுப்படாத வீசிங்கும் வளர்ச்சியைக் கெடுக்கும், அதற்காக அடிக்கடி கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் கெடுக்கும்.

ஜூன் 4, இரவு

"இன்ஹேலர் பழகிவிட்டால் அப்புறம் விட முடியாது, உடம்பு மரத்துப்போகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஊர் முழுக்கச் சொல்வதுதான். இதில் ஒரு உண்மை இருக்கிறது, ஆனால் மக்கள் அதைத் தப்பான இன்ஹேலர் மேல் ஏற்றுகிறார்கள். மரத்துப்போவது ஸ்டீராய்டுக்கு அல்ல, நீலத்துக்கு.

பீட்டா-2 ஏற்பியை ஓயாமல் தூண்டினால் செல் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கும். முதலில் ஏற்பியின் உட்பக்க வாலில் பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. அதைப் பார்த்து பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜி-புரதத்துக்கு அங்கே இடம் கிடைக்காது. பிறகு ஏற்பியே மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகிறது. சிலது திரும்பி வரும், சிலது சிதைக்கப்படும். இந்தக் கதையின் பெரும்பகுதியை அவிழ்த்தவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் லெஃப்கோவிட்ஸ். 2012-ல் வேதியியல் நோபல் அவருக்கும் பிரையன் கோபில்காவுக்கும் கிடைத்தது. கோபில்கா குழு இதே பீட்டா-2 ஏற்பி ஜி-புரதத்தைப் பிடித்திருக்கும் நிலையை 2011-ல் அணு அணுவாகப் படம்பிடித்தது. நம் வீட்டு மேசையில் கிடக்கும் இன்ஹேலர் போய் ஒட்டுகிற அதே ஏற்பி. அந்தப் படத்தை முதலில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செல் மட்டத்தில் இது. மனிதர் மட்டத்தில் என்ன ஆனது என்பதுதான் முக்கியம். 1960-களில் பிரிட்டனில், நீலத்தைப் போலவே பீட்டா ஏற்பியைத் தூண்டும் ஐசோபிரினலின் ஸ்பிரே டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைத்தது. உடனே சுகம் தரும், வீரியம் கூடுதல். ஆஸ்துமா மரணங்கள் ஏறின. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஏழே ஆண்டுகளில் ஏறக்குறைய எட்டு மடங்கு. 1968-ல் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று கட்டுப்படுத்தினார்கள். 1976 முதல் நியூசிலாந்தில் அதே கதை, மருந்து மட்டும் வேறு: ஃபெனோடெரால். வெலிங்டன் குழு 1989-ல் மரணங்களோடு அதைத் தொடர்புபடுத்திக் கட்டுரை வெளியிட்டது. மருந்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் மரணங்கள் இறங்கின.

ஜூன் 4, நள்ளிரவு தாண்டி

மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் நீலத்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டாம். திணறும்போது உயிரைக் காப்பது அதுதான். ஐசோபிரினலினும் ஃபெனோடெராலும் இதயத்தையும் சேர்த்துத் தட்டியெழுப்புகிறவை. 1969-ல் வந்த சால்பியூட்டமால் பீட்டா-2-ஐக் குறிவைத்துச் செய்தது, பாதுகாப்பானது. மரணங்களுக்கு ஏற்பி மரத்துப்போனது மட்டும் காரணம் என்றும் நான் சொல்லமாட்டேன். "அடித்தால் சரியாகிறதே" என்று வீட்டிலேயே இருந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு நேரம் கடந்து போனவர்களும் அதில் இருக்கிறார்கள். இரண்டையும் பிரிப்பது கஷ்டம். உடனே கிடைக்கிற சுகமே ஆபத்தை மறைத்துவிடுகிறது. என் கவலை எப்போதும் அங்கேதான்.

ஜூன் 6

நான் சில வருடங்கள் மூச்சுக்குழாய் மேலடுக்குச் செல்களை வளர்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். "வீக்கம் வீக்கம் என்கிறீர்கள், கண்ணால் பார்த்தீர்களா?" என்று கேட்டவருக்காக இது.

செல்களை ஒரு துளைச்சவ்வின் மேல் பரப்புவோம். கீழிருந்து ஊட்டத் திரவம், மேலே வெறும் காற்று. மூச்சுக்குழாயில் இருப்பது போலவே. மூன்று நான்கு வாரத்தில் செல்களின் தலையில் நுண்மயிர்கள் முளைத்து அடிக்க ஆரம்பிக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் மேலே மிதக்கும் செதில்களும் குமிழிகளும் ஒரே திசையில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். யாரோ ஒருவரின் நுரையீரலிலிருந்து வந்த செல்கள், உடம்பை விட்டு வந்த பிறகும் தூசியைத் தள்ளப் பார்க்கின்றன.

இந்தத் தட்டில் இன்டர்லூக்கின்-13 சேர்த்தால் காட்சி மாறும். ஒவ்வாமை ஆஸ்துமாவில் வெள்ளணுக்கள் சுரக்கும் புரதம் அது. மேலடுக்குச் செல்லில் அதற்கென்று ஏற்பி இருக்கிறது, உள்ளே ஜாக் நொதிகள், அவை ஸ்டாட்-6 என்ற புரதத்துக்குப் பாஸ்பேட் போட்டு உட்கருவுக்கு அனுப்புகின்றன. நாளடைவில் நுண்மயிர்ச் செல்கள் குறைந்து சளி சுரக்கும் செல்கள் பெருகும். கழுவுவதற்காகப் பிப்பெட் நுனியை வைத்து எடுத்தால் வெண்டைக்காய் நறுக்கிய கத்தி மாதிரி நூல் நூலாக இழுக்கும். மேலே இருந்த சுழற்சி நின்றுபோயிருக்கும். செதில்கள் இருந்த இடத்திலேயே நடுங்கும், நகராது.

அந்தத் தட்டில் சால்பியூட்டமால் விட்டால் என்ன ஆகும்? மிச்சமிருக்கிற நுண்மயிர்கள் கொஞ்சம் வேகமாக அடிக்கும், சைக்ளிக் ஏஎம்பிக்கு அந்த வேலையும் உண்டு. சளிச் செல்கள் அப்படியே இருக்கும். ஸ்டாட்-6 பாதை ஓடிக்கொண்டே இருக்கும். அது இந்த மருந்துக்குச் சம்பந்தமே இல்லாத பாதை.

ஆஸ்துமாவில் இறந்தவர்களின் நுரையீரலைப் பிரேதப் பரிசோதனையில் திறந்து பார்த்தால் மூச்சுக்குழாய்கள் கெட்டிச் சளியால் அடைபட்டுக் கிடப்பதை ரொம்பக் காலமாக மருத்துவர்கள் எழுதி வருகிறார்கள். தசை தளர்ந்தாலும் அடைப்பு தளராது.

ஜூன் 6, பின்குறிப்பு

சைக்ளிக் ஏஎம்பி ஏறினாலே நல்லது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். காலராவில் நடப்பதும் அதே சைக்ளிக் ஏஎம்பிதான். கல்கத்தாவில் சம்பு நாத் டே 1959-ல் முயல் குடலில் சோதித்து, காலராக் கிருமி இல்லாமல் அதன் வடிநீர் மட்டுமே நீரை வெளியே கொட்ட வைக்கும் என்று காட்டினார். பிறகு தெரிந்தது: அந்த வடிநீரில் இருந்த நஞ்சு ஜி-புரதத்தை இயங்கு நிலையிலேயே பூட்டிவிடுகிறது. சைக்ளிக் ஏஎம்பி ஓயாமல் குவிய, சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு வாசல் திறந்தே கிடக்கிறது. அதே சிஎஃப்டிஆர் பிறவியிலேயே வேலை செய்யாவிட்டால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், அதாவது நுரையீரலில் வறண்ட கெட்டிச் சளி. அளவும் இடமும் நேரமும்தான் எல்லாம்.

ஜூன் 7

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பற்றி இன்னும் சொல்லச் சொன்னார்கள். தனி இழை போடுகிற விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். பால் குவின்டன் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு அந்த நோய் உண்டு. தன் வியர்வைச் சுரப்பிகளையே எடுத்து ஆராய்ந்து, கோளாறு குளோரைடு கடக்க முடியாததில் இருக்கிறது என்று 1983-ல் எழுதினார். 1989-ல் மரபணு கிடைத்தது. அந்த வாசலைத் திறக்க உதவும் முதல் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2012-ல் அனுமதி, மூன்று மருந்துக் கூட்டுக்கு 2019-ல். மூச்சு முட்டிக் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். விலையோ நம் ஊர்க் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில். குழந்தையை முத்தமிடும்போது உப்புக் கரித்தால், சளியும் எடை ஏறாமையும் சேர்ந்திருந்தால், "வீசிங்தான்" என்று விட்டுவிடாமல் வியர்வைச் சோதனை கேளுங்கள்.

ஜூன் 9

பெரியப்பாவின் கதை ஒன்று இங்கே பொருந்தும். சிறுவயதில் இளைப்பு இருந்து, பிறகு அடங்கிப்போன மனிதர். அறுபதைத் தாண்டியதும் கண்ணில் அழுத்தம் என்று சொட்டு மருந்து எழுதினார்கள். கொஞ்ச நாளில் இரவில் விசில் சத்தம். பெரியம்மா பனிக்காற்று என்றார். பிள்ளைகள் பக்கத்து வீட்டு நாயைச் சொன்னார்கள். யாருக்கும் கண் மருந்து நினைவுக்கு வரவில்லை, கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? நான் போயிருந்தபோது மாத்திரை டப்பாவோடு அந்தச் சின்ன பாட்டிலும் இருந்தது. டைமலால்.

டைமலால் பீட்டா ஏற்பிகளை மறிக்கும் மருந்து. கண்ணில் விட்ட சொட்டு கண்ணீர்ப் பாதை வழியாக மூக்குக்குள் இறங்கி நேரே ரத்தத்தில் கலக்கிறது. நுரையீரலில் உடம்பின் சொந்த அட்ரினலின் ஒட்ட வேண்டிய பீட்டா-2 ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. ஆஸ்துமா இருந்தவருக்கு இது போதும். கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் இளைப்பு இருந்ததைச் சொன்னதும் அன்றே வேறு மருந்து மாற்றினார். விசில் நின்றது. முதல் தடவை யாரும் அதைக் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பிரஷர் மாத்திரையிலும் இந்த வகை உண்டு, தானாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் இளைப்பு உண்டு என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஜூன் 10

ஊமத்தை பற்றி ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். அவர் தாத்தா காய்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைத்து இளைப்பை அடக்குவாராம். "உங்கள் விஞ்ஞானம் இதற்கு என்ன சொல்லும்?" என்கிறார்.

ஐயா, விஞ்ஞானம் இதை உங்கள் ஊரிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போனது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனிடமிருந்து தெரிந்துகொண்டு, ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி 1802-ல் ஊமத்தைப் புகையை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது பரவி, ஆஸ்துமா சிகரெட் என்று இருபதாம் நூற்றாண்டு வரை மருந்துக் கடைகளில் விற்றது.

மூச்சுக்குழாய்த் தசையை இறுக்குவது வேறு ஒரு ஏற்பி. நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் வந்து எம்-3 ஏற்பியில் ஒட்டுகிறது. அங்கே இருக்கிற ஜி-புரதம் வேறு வகை. அது ஐபி-3 என்ற மூலக்கூறை உருவாக்குகிறது. ஐபி-3 செல்லின் சேமிப்பறையிலிருந்து கால்சியத்தைத் திறந்துவிட, தசை இறுகுகிறது. ஐபி-3 இப்படிக் கால்சியத்தைத் திறக்கிறது என்று 1983-ல்தான் தெரிந்தது. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் வகைப் பொருள்கள் எம்-3-ஐ மறிக்கின்றன. இறுக்கும் செய்தி உள்ளே போவதில்லை. உங்கள் தாத்தாவுக்குச் சுகம் கிடைத்தது நிஜம்.

ஆனால் அட்ரோபின் மூளைக்குள்ளும் போகும். பிதற்றல், கண் மங்கல், இதயம் படபடப்பு, அளவு கூடினால் மரணம். ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் வீரியம் மாறும் என்பதால் அளவு யாருக்கும் தெரியாது. அதே மூலக்கூறை எடுத்து மின்னூட்டம் ஏற்றி, மூளைக்குள் நுழையாதபடி செய்ததுதான் இப்ராட்ரோபியம். ஆஸ்பத்திரியில் நெபுலைசரில் சால்பியூட்டமாலோடு கலந்து வைக்கிறார்களே, அது. தயவுசெய்து யாரும் இலையைச் சுருட்ட வேண்டாம்.

ஜூன் 10, இரவு

ஆடாதோடை? ஆமாம், அதுவும். அதிலுள்ள வாசிசினைப் பார்த்துச் செய்ததுதான் புரோம்ஹெக்சின். அதன் வழிவந்தது ஆம்பிராக்சால். இருமல் சிரப்பின் பின்பக்கம் பாருங்கள்.

ஜூன் 12

இதைக் கேட்பார்கள் என்று நினைத்தேன். கசப்பு.

2010-ல் ஸ்டீபன் லிகெட், தீபக் தேஷ்பாண்டே குழு மூச்சுக்குழாய்த் தசையில் கசப்புச் சுவை ஏற்பிகள் இருப்பதாக எழுதியது. நாக்கில் இருக்கிற அதே குடும்பம். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் அயோவாவில் நுண்மயிர்களிலும் கண்டுபிடித்திருந்தார்கள். கசப்புப் பொருளைத் தசைமேல் விட்டால் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. நேற்று முன்தினம் எழுதியபடி கால்சியம் ஏறினால் தசை இறுக வேண்டும். இங்கே தளர்கிறது! அதனால்தான் அந்தக் கட்டுரையைச் சுற்றி அவ்வளவு சண்டை. கால்சியம் எந்த மூலையில் ஏறுகிறது என்பது முக்கியம் என்று அவர்கள் சொன்னார்கள். பொட்டாசியம் வாசல் திறந்து தளர்கிறது என்ற அவர்களின் விளக்கத்தை வேறு குழுக்கள் ஏற்கவில்லை. தளர்வது நிஜம், ஏன் என்பதில்தான் தகராறு.

பாகற்காய் சாப்பிட்டால் வீசிங் போகுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். போகாது. ஆய்வகத்தில் விட்ட அளவு சாப்பாட்டில் நுரையீரலை எட்டாது. பிடித்தால் சாப்பிடுங்கள், இன்ஹேலருக்குப் பதிலாக வேண்டாம். நிலவேம்புக்கும் இதே பதில்.

ஜூன் 14

இத்தனை எழுதியபின் எனக்கே ஒரு உறுத்தல். ஏற்பி, நொதி, உட்கரு என்று அழகாக வரிசை கட்டிச் சொன்னால் எல்லாம் தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். தீரவில்லை. பாதை புரிந்தால் மருந்து கிடைத்துவிடும் என்பது இந்தத் துறையில் அடிக்கடி பொய்த்திருக்கிறது.

தியோஃபிலினை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மருந்து, இன்றும் நம் ஊரில் நிறைய எழுதுகிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பீட்டர் பார்ன்ஸ் குழு அருமையான ஒரு விளக்கம் வைத்தது. ஸ்டீராய்டு அழற்சி மரபணுவை மூட எச்டாக்-2 என்ற நொதி தேவை. சிஓபிடி நோயில், அதாவது புகையால் குழாய் நிரந்தரமாகச் சுருங்கும் நோயில், அந்த நொதி குறைந்துபோகிறது. அதனால்தான் ஆஸ்துமாவில் கேட்கிற ஸ்டீராய்டு சிஓபிடியில் சரியாகக் கேட்பதில்லை. 2005-ல் நோயாளிகளின் நுரையீரல் திசுவிலேயே இதைக் காட்டினார்கள். தியோஃபிலினைக் குறைந்த அளவில் கொடுத்தால் எச்டாக்-2 மீண்டு வருகிறது என்பதும் ஆய்வகத்தில் தெரிந்தது. மலிவான மாத்திரை, உலகம் முழுக்கக் கிடைப்பது. எவ்வளவு நம்பிக்கையோடு அந்தக் கட்டுரைகளைப் படித்தேன் தெரியுமா? 2018-ல் பிரிட்டனில் 1,500-க்கு மேற்பட்ட சிஓபிடி நோயாளிகளிடம் சோதித்தார்கள். இன்ஹேலர் ஸ்டீராய்டோடு தியோஃபிலின் சேர்த்தவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை சேர்த்தவர்களுக்கும் நோய் முற்றிய தடவைகளில் வித்தியாசம் இல்லை.

நொதி குறைவது பொய்யாகிவிடவில்லை. ஆனால் தட்டில் மீண்டது மனிதருக்கு உதவவில்லை. விறகடுப்புப் புகையிலேயே வாழ்ந்து சிஓபிடி வந்த நம் ஊர்ப் பெண்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அவர்களுக்குக் கேட்கிற மலிவு மருந்து இன்னும் வர வேண்டும்.

ஜூன் 15

நேற்று எழுதியது ரொம்ப இருட்டாகிவிட்டது. எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும்.

இன்டர்லூக்கின்-5 என்பது ஈசினோஃபில் என்ற வெள்ளணுவை வளர்க்கும் புரதம். அதைத் தடுக்கும் எதிர்ப்புரதத்தை 2000-ல் லேசான ஆஸ்துமா உள்ளவர்களிடம் சோதித்தார்கள். ரத்தத்தில் ஈசினோஃபில் விழுந்தது, ஆஸ்துமா அசையவில்லை. பலர் அந்தப் பாதையையே கைகழுவினார்கள். ஆனால் பிரிட்டனில் லெஸ்டரிலும் கனடாவில் ஹாமில்டனிலும் இருந்த சிலர் விடவில்லை. ஸ்டீராய்டு கொடுத்தும் சளியில் ஈசினோஃபில் அடங்காத நோயாளிகளை மட்டும் பொறுக்கியெடுத்து அதே மருந்தைக் கொடுத்தார்கள். 2009-ல் இரண்டு கட்டுரைகளும் ஒன்றாக வெளிவந்தன: நோய் முற்றும் தடவைகள் நன்றாகக் குறைந்தன. மெப்போலிசுமாப் என்ற பெயரில் 2015-ல் அனுமதி.

மருந்து அதேதான், சரியான ஆளைத் தேடியதுதான் புதிது. ஆஸ்துமா என்று ஒரே பெயரில் நாம் கூப்பிடுவதற்குள் பல பாதைகள் ஓடுகின்றன. என் தட்டில் சளியைக் கெட்டியாக்கிய அந்த ஏற்பியை மறிக்கும் டூப்பிலுமாப் 2018-ல் ஆஸ்துமாவுக்கு வந்தது. இன்னும் மேலே, மேலடுக்குச் செல் விடுக்கும் முதல் அபாயச் செய்தியான டிஎஸ்எல்பியை மறிக்கும் டெசெப்பெலுமாப் 2021-ல். எல்லாம் ஊசி, எல்லாம் விலை. கடுமையான ஆஸ்துமாவுக்கு மட்டும்.

ஜூன் 15, சற்று நேரம் கழித்து

ஒரு விசித்திரத்தையும் சேர்த்துவிடுகிறேன். ஹூஸ்டனில் ரிச்சர்ட் பாண்ட் குழு 2009-ல் பீட்டா-2 ஏற்பியே இல்லாத எலிகளுக்கு ஒவ்வாமை ஊட்டியது. சளிச் செல் பெருக்கமும் அழற்சியும் குறைவாக வந்தன. தளர்த்துகிற ஏற்பியே வீக்கத்துக்கும் கொஞ்சம் துணைபோகிறதோ என்ற சந்தேகம் எனக்கு அன்றிலிருந்து போகவில்லை. எலியிடம் கண்டது, மனிதரிடம் உறுதியாகவில்லை. பெரியப்பா கதையை மறக்காமல் படியுங்கள்: ஆஸ்துமாக்காரர் டாக்டரைக் கேட்காமல் பீட்டா மறிப்பானைத் தொடக் கூடாது.

ஜூன் 19

"தினமும் அடிக்கப் பையன் மறந்துவிடுகிறான்" என்ற கேள்விக்கு. உங்கள் வீட்டில் மட்டுமல்ல, உலகம் முழுக்க மறக்கிறார்கள். சுகம் தெரியாததை மனிதர் மறப்பது இயல்பு. அதனால் ஆராய்ச்சியாளர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள்: சுகம் தரும் மருந்தோடு ஸ்டீராய்டையும் ஒரே இன்ஹேலரில் வைத்து, திணறும்போது மட்டும் அடிக்கச் சொன்னால்? ஃபார்மோடெரால் வேகமாகவும் தளர்த்தும், நீண்ட நேரமும் நிற்கும். அதோடு பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டு. 2018-ல் வெளிவந்த சிக்மா சோதனையில், லேசான ஆஸ்துமா உள்ள 12 வயதுக்கு மேற்பட்டவர்களிடம், நீல வகை மருந்தை மட்டும் தேவைக்கு அடித்தவர்களைவிட இந்தக் கூட்டை அடித்தவர்களுக்கு நோய் கடுமையாக முற்றும் தடவைகள் 64 சதவீதம் குறைவு. அடுத்த ஆண்டே உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஸ்டீராய்டு இல்லாத தனி நீலம் வேண்டாம் என்று மாறியது. ஐம்பது வருடப் பழக்கம் மாறியது.

உங்கள் பையனுக்கு 9 வயது என்பதால் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. குறைந்த அளவு ஸ்டீராய்டு தினமும் என்பதே அந்த வயதுக்கு வழக்கமான வழி. பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்திலேயே இன்ஹேலரை வையுங்கள். அடித்தபின் வாய் கொப்பளிக்கவும் அதுதான் சரியான இடம்.

நீலம் ஒரு மாதத்தில் எத்தனை தடவை தேவைப்படுகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் போனால் டாக்டரிடம் அந்தக் காலண்டரையே காட்டுங்கள்.

ஜூன் 22

"எனக்கு ஈசினோஃபில் வகையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே எண்ணிக்கை வரும், அப்சல்யூட் ஈசினோஃபில் என்று போட்டிருப்பார்கள். ஆனால் ஐரோப்பாவில் எழுதிய அளவுகோலை நம் ஊரில் அப்படியே வைக்க முடியாது. குடற்புழு இருந்தாலே அது ஏறும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1940-ல் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் காசநோய் போலவே தோன்றி, ஈசினோஃபில் எக்கச்சக்கமாக ஏறியிருந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அன்று அது சென்னை மாகாணம். 1943-ல் வைன்கார்ட்டன் அதை வெப்பமண்டல ஈசினோஃபிலியா என்று அழைத்தார். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்கி, அவற்றுக்கு எதிராக உடம்பு கிளப்பும் அழற்சி அது என்று பின்னால் தெரிந்தது. ரத்தத்தில் புழு தென்படாது. இரவு இருமல், விசில், எடை இறக்கம் என்று அச்சு அசல் ஆஸ்துமா மாதிரி இருக்கும். மேலே எழுதிய அதே இன்டர்லூக்கின்-5 பாதைதான், தூண்டியது மட்டும் வேறு.

இதற்கு இன்ஹேலர் வைத்தியம் இல்லை. டிஇசி என்ற புழுக்கொல்லி மாத்திரை மூன்று வாரம். எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டியிருந்து, யானைக்கால் இருந்த பகுதியில் வாழ்ந்தவராகவும் இருந்தால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை ஈசினோஃபிலைச் சடாரென்று இறக்கிவிடும், அப்புறம் எண்ணினால் ஒன்றும் தெரியாது. ஆகவே ரத்தம் கொடுப்பது மாத்திரைக்கு முன்னால் இருக்கட்டும். மூச்சு முட்டிக்கொண்டிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், அப்போது சிகிச்சைதான் முதலில்.